புன்னகை அறையில் ஒரே பக்கம்

ஹிகொசாகா கிகுயேவின் கைப்பையில் எப்போதும் ஒரு பலகாரப் பெட்டி இருக்கும். உள்ளே, இனிப்புப் பயற்றுப் பூரணம் வைத்த மஞ்சூ பன்னிரண்டு. மேலே, பெரிய கடையில் சுற்றிக் கொடுக்கிற விலையுயர்ந்த தாள். தின்பதற்கு அல்ல, மன்னிப்புக் கேட்பதற்கு. அவள் வேலைக்குச் சேர்த்துவிட்ட ஆட்களில் யாராவது ஒருவர் தாமதமாகப் போயிருப்பார், அல்லது போகாமலே படுத்திருப்பார், அல்லது மதியச் சாப்பாட்டு வேளையில் சுவரோடு பேசியிருப்பார். உடனே டிராம் ஏறி அந்தக் கம்பெனிக்குப் போய், பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பை மடித்து, உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டோம் என்று சொல்வது அவள் உத்தியோகத்தில் பாதி. பதினான்கு வருடமாக இதையே செய்ததில் மஞ்சூ வாசனை வந்தாலே அவளுக்குக் குமட்டும்.

ஜப்பானில் தொயொஹாஷி நகரத்திலேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கேயே விவாகரத்தும் வாங்கியவள். முன்பு பதினோரு வருடம் சிக்குவா ஆலையில், சுட்டு வருகிற மீன் குழல்களை ஐந்தைந்தாக உறையில் போடும் வரிசையில் நின்றாள். பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு அப்படி ஒரு கை வேகம். கிகுயே நான்கு உறை போடுவதற்குள் ஆறு போட்டுவிடுவாள். அந்தப் பெண் ஒரு குளிர்காலம் முழுக்க மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். மேற்பார்வையாளர் மிகவும் பணிவாக, நன்றாக ஓய்வெடுங்கள் என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிட்டார். கை அதே கைதான். அந்தக் கையால் ஓர் உறை போட்டுப் பார்க்கக்கூட யாரும் விடவில்லை. அன்று வந்த எரிச்சல் கிகுயேவுக்கு இன்றுவரை ஆறவில்லை. நாற்பத்து மூன்று வயதில் பரீட்சை எழுதி, மனநோயிலிருந்து எழுந்து வருகிறவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்து, அந்த வேலை நிலைக்கும்வரை கூடவே நடக்கிற மையத்தில் வந்து சேர்ந்தது அந்த எரிச்சலால்தான்.

சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நூறு பேர் வேலை பார்க்கும் இடத்தில் இரண்டரைப் பேர் உடல் குறையோ மனக் குறையோ உள்ளவர்களாக இருக்க வேண்டும். அந்த அரைப் பேர் யார் என்று கிகுயே ஒவ்வொரு கம்பெனியிலும் தேடிப் பார்த்திருக்கிறாள். எல்லாரும் அரைப் பேராகத்தான் நடத்தப்படுகிறார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு. ஜூன் முதல் தேதி தலை எண்ணி அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே வசந்தம் வந்தால் போதும், மற்ற மாதங்களில் அவள் பெயரே நினைவில்லாத கம்பெனி அதிகாரிகள் எல்லாம் தேன் ஒழுகப் பேசுவார்கள். "நல்ல ஆளா, அமைதியான ஆளா ஒருத்தர் இருக்காங்களா?" என்பார்கள். மீன் கடையில் முள் இல்லாத துண்டு கேட்கிற மாதிரி இருக்கும்.

ஒடானி அந்த மாதிரி ஒரு வசந்தத்தில்தான் வேலைக்குப் போனான். நாற்பத்தொரு வயது. இளமையில் ஓர் அச்சகத்தில் பக்கம் அமைக்கிற வேலை பார்த்தவன். இருபத்தாறாவது வயதில் நோய் வந்தது. தொலைக்காட்சியில் வானிலை சொல்கிற பெண் தன்னிடம் மட்டும் ரகசியம் பேசுகிறாள் என்று மூன்று நாள் தூங்காமல் உட்கார்ந்திருந்தவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிறகு இன்னொரு தடவை. அதற்குப் பிறகு எட்டு வருடம் மாத்திரையோடு அமைதியாக ஓடியது. கிகுயேவிடம் வந்தபோது, பெயரோடு மரியாதைக்குச் 'சான்' சேர்த்துக் கூப்பிட்டு, அவன் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"எதுவா இருந்தாலும் சரி. ஆனா வேலைன்னா வேலையா இருக்கணும், ஹிகொசாகா சான். விளையாட்டுக் காட்டக் கூடாது."

கதவுக் கைப்பிடி செய்கிற ஒரு கம்பெனி அவனை எடுத்துக்கொண்டது. நான்காவது மாடியில், சாமான் அறைக்குப் பக்கத்தில், அவனுக்கென்று ஓர் அறை ஒதுக்கி, கதவில் 'புன்னகை அறை' என்று வண்ண எழுத்தில் ஒட்டினார்கள். உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, தாளை நார் நாராகக் கிழிக்கிற மெஷின். நாற்பது வருடத்துப் பழைய ஆர்டர் தாள்களைக் கிழிப்பது வேலை. சலிப்பான வேலைதான், ஆனாலும் யாரோ ஒருவர் செய்தாக வேண்டிய வேலை. ஒடானி முகம் மலர்ந்து போனான். கம்பிகளைப் பிடுங்கி, அட்டைகளைத் தனியாக அடுக்கி, நாள் தவறாமல் கிழித்தான். ஆறு வருடத்துக்கு வரும் என்று கம்பெனி நினைத்திருந்த மலையை ஐந்தே மாதத்தில் தீர்த்துவிட்டான். இவ்வளவு ஒழுங்காக ஒருவன் வேலை செய்வான் என்று அங்கே யாருமே எதிர்பார்க்கவில்லை.

அக்டோபரில் ஒரு சாயங்காலம், டிராம் நிறுத்தத்தில் வைத்து அவன் சொன்னான்.

"ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல. சொல்லுங்க."

"நான் கிழிக்கிற பேப்பரை எனக்காகவே அச்சடிக்கிறாங்க."

கிகுயே சிரிக்கவில்லை.

"யார் அச்சடிக்கிறாங்க?"

"தெரியல. ஆனா தினமும் ஒரே பக்கம். மேல வலது மூலையில காப்பிக் கோப்பை வெச்ச வட்டக் கறை. நேத்தும் அதே வட்டம், இன்னைக்கும் அதே வட்டம். ஒரு கட்டுல ஐந்நூறு வட்டம்."

"பழைய பேப்பர்ல கறை இருக்கத்தானே செய்யும்."

"ஐந்நூறு பேர் ஒரே இடத்துலயா கோப்பையை வைப்பாங்க? பக்கம் அமைச்ச கண்ணு இது, ஹிகொசாகா சான். ஒரு தாள் எடுத்துட்டு வரட்டுமா? நீங்களே பாருங்க."

"வேண்டவே வேண்டாம். கம்பெனிப் பேப்பரை வெளிய எடுத்தா வேலை போயிடும்."

டிராம் வந்தது. அவன் ஏறிப் போனான். கிகுயே அங்கேயே உட்கார்ந்து நோட்டை எடுத்து எழுதினாள்: 'தனக்காகவே அச்சடிக்கிறார்கள் என்கிறார். அறிகுறி.' இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு 'எனக்காகவே' என்ற சொல்லைக் கேட்டால் போதும், காதில் மணி அடித்துவிடும். நோய் திரும்பி வரும்போது அந்தச் சொல்லோடுதான் வரும் என்று படித்துப் படித்து ஊறியவர்கள். கம்பெனியிடம் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். அதைத்தான் அவள் செய்யவில்லை. விசாரித்தால், ஆள் மறுபடி கழன்றுவிட்டான் என்று அவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள், வேலை போய்விடும் என்று பயந்தாள். அவன் வேலையைக் காப்பாற்றுவதற்காக அவன் சொன்னதை மூடி மறைத்தாள். இப்படி ஒரு முட்டாள்தனம் இந்தத் துறைக்காரர்களுக்குத்தான் வரும்.

அடுத்த வாரம் டாக்டரிடம் அவளே கூடப் போனாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவன் சார்பில் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அச்சடிக்கிறாங்கன்னு இப்பவும் நினைக்கிறீங்களா, ஒடானி சான்?"

"நினைக்கல. பார்த்தேன்."

மாத்திரை இரண்டு மடங்கானது. மூன்றே நிமிடத்தில் வேலை முடிந்தது.

அதற்குப் பிறகு ஒடானி வேறு ஆளாகிப் போனான். நாக்கு தடித்தது. கை நடுங்கியது, சோற்றுக் கிண்ணத்தைப் பிடித்தால் குச்சிகள் தாளம் போட்டன. காலையில் எழுந்திருக்க முடியாமல் தாமதமாகப் போனான். கிகுயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் குனிந்தாள். மறுபடி தாமதம், மறுபடி பெட்டி. ஒருநாள் அவனிடம் கேட்டாள்.

"அந்தப் பேப்பர் விஷயம் இப்பவும் தோணுதா?"

அவன் மாத்திரை அட்டையைச் சட்டைப் பைக்குள் தள்ளினான்.

"தோணல."

நோட்டில் 'தெளிவு' என்று எழுதினாள். எழுதிய திருப்தியில் அன்று வீட்டுக்குப் போகிற வழியில் ஈல் மீன் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். இதைப் பின்னால் நினைக்கும்போதெல்லாம் தன் முகத்திலேயே காறித் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு.

ஏப்ரலில் அவன் ஒப்பந்தத்தை மூன்று மாதத்துக்கு மட்டும் நீட்டித்தார்கள். ஏன் மூன்று மாதம் என்று அவள் யோசிக்கவில்லை. மே மாதத் தொடக்கத்தில் நாடே எடுக்கிற விடுமுறை முடிந்த கையோடு நான்காவது தாமதம். வழக்கம்போல் பெட்டியோடு ஆட்கள் பிரிவுத் தலைவர் கவாஜிரியின் அறைக்குப் போனாள். கவாஜிரி ஐம்பதைத் தாண்டியவர். நல்ல சட்டை, நல்ல பல், பேச்சில் வெண்ணெய். பெட்டியை மேஜையின் ஓரத்தில் வைத்துக்கொண்டார்.

"பரவாயில்லை, பரவாயில்லை. ஒடானி சான் எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி. ஜூன் ஒண்ணு வரைக்கும் மட்டும் எப்படியாவது பார்த்துக்குங்க."

"அதுக்கு அப்புறம்?"

"அந்த மாசக் கடைசியோட ஒப்பந்தம் முடியுது இல்லையா. அப்ப ரெண்டு பக்கமும் பேசி, அவர் உடம்புக்கு எது நல்லதோ அதைச் செய்யலாம்."

கிகுயே தலை குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்தின் கோடியில் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மியாட்டா என்கிற நடுவயதுக் குமாஸ்தா அதன் பக்கத்தில் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். தாள் தாளாக வந்து விழுந்தது. ஒவ்வொன்றிலும், மேலே, வலது மூலையில், ஒரு வட்டம்.

கிகுயேவின் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"இது என்ன?"

"இதா? புன்னகை அறைக்கு. தினமும் ரெண்டு கட்டு."

"எப்பலேருந்து?"

"போன செப்டம்பர்லேருந்து. பழைய பேப்பர் தீர்ந்து போச்சு இல்ல, அந்த மனுஷர் பாட்டுக்கு எல்லாத்தையும் முடிச்சுட்டார். சும்மா உக்கார வெக்க முடியுமா? வெள்ளைத் தாளா கொடுத்தா கண்டுபிடிச்சிடுவாரேன்னு ஏதோ ஒரு பழைய ஆர்டரை எடுத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் ஒரு மாதிரிதான் இருக்கு. மேல சொல்றாங்க, செய்றேன்."

சூடாக இருந்த ஒரு தாளை கிகுயே எடுத்தாள். ஐந்நூறு பேர் ஒரே இடத்துலயா கோப்பையை வைப்பாங்க என்று அவன் கேட்டது காதில் விழுந்தது. வந்த வழியே திரும்பிக் கவாஜிரியின் அறைக்குள் நுழைந்தாள். கதவைத் தட்டவில்லை. அவள் வாழ்நாளில் தட்டாமல் திறந்த முதல் கதவு அது.

தாளைப் பார்த்ததும் கவாஜிரிக்கு முகம் மாறவில்லை. அதுதான் இன்னும் அருவருப்பு.

"ஓ, அதுவா. ஒரு கரிசனம்தான், ஹிகொசாகா சான். வேலை இல்லைன்னு சொன்னா அவர் மனசு தாங்குமா? தயவு செஞ்சு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. உடைஞ்சு போயிடுவார்."

"அவர் போன அக்டோபர்லயே கண்டுபிடிச்சுட்டார்."

"அப்படியா?"

"என்கிட்ட சொன்னார். நான் நம்பல. பைத்தியம் முத்திடுச்சுன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். மாத்திரையைக் கூட்டினாங்க. அதனாலதான் அவர் தூங்கறார். அதனாலதான் லேட்டா வர்றார். அந்த லேட்டுக்குத்தான் நான் இத்தனை தடவை உங்க முன்னால வந்து குனிஞ்சேன்."

கவாஜிரி நல்ல பல் தெரியச் சிரித்தார். "அப்படின்னா நல்ல செய்திதானே. அவர் உடம்பு நல்லாத்தான் இருந்திருக்கு."

கிகுயே மேஜை ஓரத்தில் இருந்த மஞ்சூ பெட்டியை எடுத்து மறுபடி கைப்பையில் போட்டுக்கொண்டாள். கொடுத்த பெட்டியைத் திரும்ப எடுப்பது இந்த ஊரில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். கவாஜிரியின் சிரிப்பு அப்போதுதான் போனது.

அன்று சாயங்காலமே ஒடானியின் ஒற்றை அறை வீட்டுக்குப் போனாள். அவன் கதவைத் திறந்ததும், செருப்பு விடுகிற இடத்திலேயே மண்டியிட்டு, பெட்டியை முன்னால் வைத்து, நெற்றி தரையில் படக் குனிந்தாள். பதினான்கு வருடத்தில் கம்பெனிக்காரன் அல்லாத ஒருவருக்கு அவள் அந்தப் பெட்டியை நீட்டியது இதுவே முதல் தடவை.

"நீங்க சொன்னது உண்மை. நான் பார்த்தேன்," என்றாள் தரையைப் பார்த்தபடி.

"எழுந்திருங்க, ஹிகொசாகா சான். பக்கத்து வீட்டுல பார்த்தா நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு நினைப்பாங்க."

இருவரும் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவன் தேநீர் ஊற்றினான். கை நடுங்கிப் பாதி மேஜையில் சிந்தியது. அவள் துடைக்கப் போனபோது வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அவனே துடைத்தான்.

"அது நோய் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு வர்ற நோய் எனக்குத் தெரியாதா? அது வந்தா எல்லாம் பளபளன்னு இருக்கும், உலகமே என்னைத் தேடி வந்து பேசும். இது அப்படி இல்ல. இது சும்மா அசிங்கமா இருந்துச்சு."

"பின்ன ஏன் தோணலன்னு சொன்னீங்க?"

"தோணுதுன்னு சொன்னா மாத்திரை கூடுதே." அவன் ஒரு மஞ்சூவை எடுத்துப் பிட்டான். "நீங்க நம்பலங்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு. அவங்க செஞ்சது பெருசில்ல. அவங்க யாரோ."

கிகுயேவுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. தன்மேலேயே ஒரு பிசுபிசுப்பு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று அவனையே கேட்டாள்.

"ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நிஜ வேலை ஏதாவது கொடுப்பாங்களான்னு. இல்லைன்னா அந்தப் பேப்பரை இனிமே நான் தொட மாட்டேன்."

மறுநாளே கேட்டாள். கிடங்கில் பெட்டி கட்டலாம், விலைப் பட்டியலின் பக்கங்களைச் சரிபார்க்கலாம், அதற்கு அவனைவிட நல்ல கண் இந்தக் கட்டிடத்திலேயே கிடையாது என்றாள். பொறுப்புக் கொடுத்தால் அழுத்தம் ஆகிவிடும், அவருக்கு நல்லதில்லை என்றார் கவாஜிரி. ஒடானிக்கு எது நல்லது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அவனுக்கு மட்டும்தான் தெரியாது போல. ஒடானி அன்றே ராஜினாமா எழுதினான். நடுங்குகிற கையால் மூன்று தடவை எழுதி, மூன்றாவதை உறையில் போட்டான். கடைசி நாள் மே முப்பது. கிகுயே கடிதத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். தேதியைப் பார்த்துக் கவாஜிரி முதலில் அலட்டிக்கொள்ளவில்லை. அமைதியான ஆள்தானே, இந்த அம்மா பேசிச் சரிக்கட்டிவிடுவாள் என்று இருந்திருப்பார்.

மே இருபத்தொன்பதாம் தேதி கவாஜிரி மையத்துக்கே வந்தார். கையில் ஒரு பெட்டி. கிகுயே வாங்குகிற அதே கடையின் தாள். அவர் அதை இரண்டு கையாலும் நீட்டி, வழுக்கை தெரியக் குனிந்தார். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவளுக்குக் குமட்டல்தான் வந்தது. இவ்வளவு ஆழமாகக் குனியத் தெரிந்த மனிதர், நான்கு மாடி ஏறிப் போய் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் இருந்திருக்கிறாரே என்றுதான் தோன்றியது.

"இன்னும் மூணே மூணு நாள். ஜூன் ஒண்ணு முடிஞ்சதும் அவர் இஷ்டம்."

"அவர் உள்ளதான் இருக்கார். அவர்கிட்டயே கேளுங்க."

ஒடானி அன்று வேறு வேலைக்கு விண்ணப்பம் நிரப்ப வந்திருந்தான். கவாஜிரி அவன் முன்னாலும் குனிந்தார். பெயர் சொல்லி அவனிடம் நேராகப் பேசியது, கிகுயேவுக்குத் தெரிந்தவரை, அன்றுதான்.

"ஒடானி சான், மூணு நாள் மட்டும். வரக்கூட வேண்டாம். பேர் இருந்தா போதும்."

ஒடானி தடித்த நாக்கைச் சிரமப்பட்டுப் புரட்டிக் கேட்டான். "என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்ல. பேர்தான்."

"பேர் மட்டும் போதும்னா, எட்டு மாசமா அத்தனை பேப்பரை எதுக்குங்க வீணாக்கினீங்க?"

கவாஜிரி பெட்டியை வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். கிகுயே அதைக் கையில் எடுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

ஜூன் முதல் தேதி அந்தக் கம்பெனியில் ஒரு தலை குறைந்தது. அதனால் வானம் இடிந்து விழவில்லை. ஜூலையில் வேறு மையத்திலிருந்து வேறு ஆளைப் பிடித்துப் புன்னகை அறையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று மியாட்டா டிராமில் பார்த்தபோது சொன்னாள். அந்த மையத்துக்கு கிகுயே தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். அப்படியா, கவனத்தில் வைக்கிறோம் என்றார்கள். டாக்டரிடம் அந்த ஜெராக்ஸ் தாளைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நீங்கள்தானே அப்படிச் சொன்னீர்கள் என்றார். மறுக்க முடியாத பேச்சு. மாத்திரையைக் குறைத்தார். நோட்டில் அக்டோபர் மாதத்து வரியை அவள் அடிக்கவில்லை. அடுத்த வருடமும் அந்தப் பக்கம் கண்ணில் பட வேண்டும் என்று அப்படியே விட்டு, தாளையும் அங்கேயே ஒட்டி வைத்தாள்.

கை நடுக்கம் நிற்க ஆகஸ்ட் ஆனது. பள்ளிக்கூட அறிவிப்புகளும் கடைத் துண்டுத்தாள்களும் அடிக்கிற ஒரு சின்ன அச்சகத்தில், வாரம் மூன்று நாள், தாள் வெட்டி அடுக்குகிற வேலை கிடைத்தது. அச்சகக்காரர் சிடுமூஞ்சி. ஜூன் முதல் தேதி எதற்கு என்றே அவருக்குத் தெரியாது. அவர் கடையில் வேலை பார்ப்பவர்களே ஐந்து பேர், தலை எண்ணுகிற சட்டம் அந்தப் பக்கமே வராது.

இரண்டாவது வாரம், மதியத்தில், கிகுயேவின் தொலைபேசி அடித்தது. ஒடானியின் பெயரைப் பார்த்ததும் அவள் கை தானாகவே பையைத் தொட்டது.

"ஹிகொசாகா சான், இன்னைக்கு முதலாளி என்னைத் திட்டினார்."

"என்ன ஆச்சு?"

"முந்நூறு தாளை ரெண்டு மில்லி தள்ளி வெட்டிட்டேன். கண்ணை எங்க வெச்சிருக்கேன்னு கேட்டார், எல்லார் முன்னாலயும். மறுபடி அடிக்கணும், பள்ளிக்கூடத்துல நாளைக்குக் காலையில வேணுமாம்." அவன் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. பதின்மூன்று மாதம் நாராகக் கிழித்துக் கொட்டியபோது ஒருநாள்கூட யாரும் அவனைத் திட்டியதில்லை.

"நான் வரட்டுமா? பெட்டி எடுத்துட்டு வரேன்."

"வேண்டாம். நானே மன்னிப்புக் கேட்டுட்டேன்," என்றான் ஒடானி. "வெச்சிடறேன். திரும்ப வெட்டணும்."